தலையாட்டிய கடைக்காரன்

லல்லா ரக்கியா பிஹியின் கடைக்குத் தரவேண்டியிருந்த கடன் நானூற்று இருபது திர்ஹம். நகரத்து ஆட்கள் வாயால் சொன்னால் எட்டாயிரத்து நானூறு ரியால். திர்ஹமை இருபதால் பெருக்கிச் சொன்னால்தான் அவர்களுக்குப் பணம் பணமாகத் தெரியும். எழுபத்தோராம் வருஷத்தில் ஒரு கூலிக்காரன் இரண்டு மாதம் முதுகு ஒடிந்தால் கிடைக்கிற தொகை அது. ஒற்றைக் கடையை மூன்று கடையாக்கிய கதையைப் பிஹியைக் கேட்டால் அவனே சொல்லுவான், சாயங்காலம் வரை சொல்லுவான். இந்தக் கடனின் கதையை மட்டும் எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னான்.

தெற்கே எங்கள் சூஸ் மலையில் ஆண்பிள்ளை என்றால் வடக்கே போய்க் கடை வைக்க வேண்டும். நாங்கள் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் இல்லை. ஆனால் காஸாபிளாங்காவில் எந்தத் தெருமுனையில் கதவு முதலில் திறந்து கடைசியில் மூடுகிறதோ, அது எங்கள் ஆள் கடை. நாலெழுத்துப் படித்தவர்கள் எத்தனை பேர் எங்கள் நோட்டில் கடன்காரர்களாக நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் படிப்பின் லட்சணம் தெரிந்துபோகும். ஒரு கடைக்கு இரண்டு பேர். ஒருவன் ஆறு மாதம் கல்லாவில் நிற்பான்; மற்றவன் மலையில் வீட்டையும் பார்லி வயலையும் எண்ணெய்க்கொட்டை தரும் ஆர்கான் மரங்களையும் பார்ப்பான். பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிஷம் நின்று, சாவியைக் கைமாற்றிவிட்டு, ஆளுக்கொரு வண்டியில் ஏறிப் போகிற அண்ணன் தம்பிகள் எங்களில் ஏராளம்.

பிஹிக்கு அந்த முறை இருபத்திரண்டு வயதில் வந்தது. அதுவரை அவன் அப்பாவும் அண்ணன் ஹம்முவும் மாற்றி மாற்றிப் பார்த்த கடை. அப்பாவுக்கு முழங்கால் போயிற்று. வெயில்காலத் தொடக்கத்தில் பிஹி வந்து இறங்கினான். கணக்கில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எழுதத் தெரியாதவன், அதனால் கடன் நோட்டில் ஆளுக்கொரு படம் போட்டுவைத்தான். போலீஸ்காரர் ஸி ஜிலாலிக்கு மீசை, வெந்நீர்க் குளியல் கூடத்து ஹ்னியாவுக்கு வாளி, தையல்காரி லல்லா ரக்கியாவுக்குத் தையல் இயந்திரம். ஸி என்றால் ஐயா, லல்லா என்றால் அம்மா. படத்துக்குக் கீழே திர்ஹமுக்கு ஒரு நீளக் கோடு, சில்லறைக்குப் புள்ளி. நூறு வாடிக்கைக்காரர்கள், ஆயிரமாயிரம் கோடுகள், ஒன்று பிசகியதில்லை.

நாக்குதான் ஒத்துழைக்கவில்லை. மலையில் நாங்கள் பேசுவது தஷல்ஹீத். நகரத்தில் அரபி. வந்த மூன்றாம் நாள், கடை முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, ஸி ஜிலாலி சீருடையும் மீசையுமாக வந்து நின்றார். தொப்பை அவருக்கு ஓர் அடி முன்னால் வந்து நின்றது. அண்ணன் சொல்லிக்கொடுத்த மரியாதை வாக்கியத்தைப் பிஹி பிசகாமல் ஒப்பித்தான். ஆனால் அது பெண்களுக்குச் சொல்லுகிற வாக்கியம்.

"வா தாயி, என்ன வேணும்?"

தெருவே ஜிலாலியின் தொப்பையைப் பார்த்தது. பிறகு ஹ்னியா தொடங்கினாள். "தாயியா? அட, அதானே பாத்தேன்! எத்தன மாசம் ஜிலாலி தாயி?"

"இது எட்டு தாண்டிருச்சுடி," என்றார் ஜிலாலி, தொப்பையைத் தடவிக்கொண்டு. "பொறக்கறது பையனா இருந்தா உன் பேரத்தான் வைக்கப்போறேன்டா மலைக்காரா!"

அவர் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே தீப்பெட்டி வாங்கிப் போய்விட்டார். ஆனால் தெருப் பிள்ளைகள் விடவில்லை. ஒரு மாதம் முழுக்க, கடையைக் கடக்கிற பொடிசுகளெல்லாம் "வா தாயி" என்று கத்திக்கொண்டு ஓடின. மலையில் பிஹியைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. பதினெட்டு வயதில் கழுதை விலை பேசப் பெரியவர்கள் அவனைக் கூட்டிப் போவார்கள். அப்படிப்பட்டவன் இங்கே வந்து பொடிசுகளுக்கு விளையாட்டுப் பொருளாகிவிட்டான். அன்றோடு அவன் வாயை மூடினான்.

ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டான். வஃகா. சரி என்று அர்த்தம். ஆணிடம் சொன்னாலும் பெண்ணிடம் சொன்னாலும் அது மாறாது, யாரும் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. ஆட்கள் விரலால் காட்டுவார்கள், இவன் எடுத்துக் கொடுப்பான். விலையை விரலால் காட்டுவான். ஏதாவது நீளமாகப் பேசினால் முகத்தைப் பார்ப்பான். சிரித்தால் இவனும் சிரிப்பான், சோகமாக இருந்தால் தலையைத் தாழ்த்துவான், முடிவில் வஃகா. தெருவில் அவனுக்கு நல்ல பெயர்கூட வந்தது. "தம்பி பேசமாட்டான், ஆனா நல்லாப் புரிஞ்சுக்கிறான்" என்றார்கள்.

லல்லா ரக்கியா புருஷனை இழந்தவள். எதிர்ச்சந்தில் ஓர் அறையில் இயந்திரத்தை வைத்து ஜில்லாபா என்கிற நீள அங்கி தைத்தாள். பெருநாளுக்கு முன்னால்தான் அவளுக்குக் கையில் பணம் புரளும். அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை, பெருநாள் வாரத்தில், கடைக்கணக்கை ஒரே கையாகத் தீர்ப்பாள். அப்பா காலத்திலிருந்து வழக்கம் அது. ஒரு காசு பாக்கி வைத்தவள் இல்லை. ஒரே மகன் மீலூத், பத்தொன்பது வயது. துறைமுகத்தில் வேலை தேடுகிறேன் என்று கிளம்புவான், சினிமாக் கொட்டகை வாசலில் நிற்பான்.

பிஹி வந்து பதினைந்து நாள் இருக்கும். ஒரு காலையில் அவள் வந்தாள். பின்னால் ஹ்னியாவும் இன்னும் மூன்று பேரும் நின்றார்கள். அவள் கூம்புச் சீனி கேட்கவில்லை, தேயிலை கேட்கவில்லை. கல்லா மேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, வேகமாக ஏதோ சொன்னாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. நோட்டின் மேல் விரலால் இரண்டு தடவை தட்டினாள். அத்தனை பேச்சில் பிஹிக்குப் பிடிபட்டது மகன் பெயர் ஒன்றுதான். மற்றதெல்லாம் ஓடுகிற தண்ணீர்போலக் காதைத் தாண்டிப் போயிற்று.

புரியவில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. அதுதான் பின்னால் அவனை அரித்தது. தெரியாமல் செய்த காரியமாக இருந்திருந்தால் இத்தனை வருஷம் உறுத்தியிருக்காது. "புரியல, திரும்பச் சொல்லுங்க" என்று சொல்ல அரபியில் இரண்டு சொல் போதும், அவை நாக்கு நுனி வரை வந்தன. ஆனால் ரக்கியாவின் தோளுக்கு மேலே ஹ்னியாவின் முகம் தெரிந்தது. இவன் வாய் எப்போது திறக்கும் என்று அவள் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வஃகா, லல்லா," என்று பிஹி தலையாட்டினான்.

ரக்கியா பெருமூச்சு விட்டாள். "ஒன்னப் பெத்தவங்களுக்கு அல்லாஹ் அருள் செய்யட்டும், தம்பி" என்றாள். அந்த ஆசீர்வாதம் அவனுக்குப் புரிந்தது.

அன்று மாலை மீலூத் வந்தான். சிகரெட்டைக் காட்டினான், நோட்டைக் காட்டினான். "அம்மா பேர்ல எழுது."

பிஹிக்கு மனசு குளிர்ந்தது. காலையில் அவள் சொன்னது இதுவாகத்தான் இருக்கும், பையன் கேட்டால் கொடு என்றிருப்பாள் என்று முடிச்சுப் போட்டுக்கொண்டான். சந்தோஷமாகக் கொடுத்தான். மறுநாள் டப்பா மீன், அடுத்த நாள் சோடா, பிறகு ஐந்து திர்ஹம் கைமாற்று. நாலு மாதம். தையல் இயந்திரத்தின் கீழே கோடுகள் பக்கத்தை நிரப்பி, அடுத்த பக்கத்துக்கும் தாவின. நடுவில் ரக்கியா வரும்போதெல்லாம் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போவாள். பிஹி அவளைப் பார்த்துப் புன்னகை செய்வான். ரகசியம் காப்பாற்றுகிறவனைப் பார்ப்பதுபோல அவளும் புன்னகை செய்வாள்.

நோன்பின் கடைசி வாரம். கடை முன்னால் கூட்டம், எல்லாருக்கும் தொண்டை வறண்டு கோபம் மூக்கு நுனியில் நின்ற பிற்பகல். ரக்கியா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து நூற்றெண்பது திர்ஹமைக் கல்லாவில் வைத்தாள். அவளுக்கும் மனக்கணக்கு உண்டு. தான் தின்றது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். பிஹி நோட்டைத் திருப்பிக் காட்டி, விரல்களால் நானூற்று இருபது என்றான்.

"என்னது?"

அவன் மறுபடியும் விரலைக் காட்டினான். அவள் நோட்டைப் பார்த்தாள், கோடுகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"நான் உங்கிட்ட சொல்லலயா?" குரல் உடைந்தது. "இந்த எடத்துல நின்னு சொல்லலயா? நீ வஃகான்னு சொல்லலயா? சொல்லு தம்பி, சொன்னியா இல்லியா?"

இதற்குள் நாலு மாத அரபி காதில் ஏறியிருந்தது. கேள்வி புரிந்தது. எதைச் சொன்னாள் என்பதுதான் இன்னும் தெரியாது, ஆனால் தான் எங்கோ தவறியிருப்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்: அன்றைக்கு நீங்கள் பேசியது எனக்கு விளங்கவில்லை, தப்பு என்னுடையது. ஒரு வரி. கூட்டம் காத்திருந்தது. ஹ்னியா இடுப்பில் கை வைத்து நின்றாள், ஓரமாக ஜிலாலியும் நின்றார். யாரோ பின்னாலிருந்து, "நோட்டு பொய் சொல்லாது லல்லா, மலைக்காரனுங்க கணக்குல கில்லாடிங்க" என்றான்.

பிஹி நோட்டின் மேல் விரலால் தட்டினான். அவ்வளவுதான்.

"சரி," என்றாள் ரக்கியா. "நான் யாரு பணத்தயும் தின்னவ இல்ல. மூணு நாள் குடு."

மூன்றாம் நாள் ஒரு தள்ளுவண்டி கடை முன்னால் போயிற்று. அதன் மேல், போர்வை சுற்றிய தையல் இயந்திரம். ஒரு மணி நேரத்தில் ரக்கியா வந்து மீதி இருநூற்று நாற்பதை வைத்தாள். அன்றைக்குப் பிறகு அந்தக் கடைப் படியை மிதிக்கவில்லை. சீனிக்கும் எண்ணெய்க்கும் மூன்று தெரு தள்ளி நடந்தாள்.

பெருநாள் கழிந்து ஹம்மு முறை மாற வந்தான். ஹம்முவின் அரபி பிஹியின் அரபியைவிட மோசம். பத்து வருஷமாகத் தப்புத் தப்பாகப் பேசி, அதிலேயே வாழ்ந்தவன். அவன் கல்லாவில் நின்றால் தெருவே சிரித்துக்கொண்டிருக்கும். நோட்டைப் புரட்டியவன் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றான்.

"என்னடா இது, ரக்கியா லல்லா வீட்டுல கல்யாணமா?"

பிஹி நடந்ததைச் சொன்னான். ஹம்மு வெளியே போனான். திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"அந்தப் பய அவ தையல் கூலியத் திருடியிருக்கான். இனிமே எம் பேரச் சொல்லி வந்தா அவனுக்கு ஒரு குச்சிகூடக் குடுக்காதன்னு உங்கிட்ட கெஞ்சியிருக்கா. நீ வஃகான்னியாம்."

"சொன்னேன்."

"புரிஞ்சுதா ஒனக்கு?"

"இல்லண்ணே."

"அப்புறம் எதுக்குடா தலைய ஆட்டுன?"

"திரும்பக் கேட்டா சிரிப்பாங்க."

ஹம்மு நோட்டை மூடினான். "சிரிச்சா என்னடா? ஒன் தோலு உரிஞ்சிருமா? பத்து வருஷமா என்னப் பாத்துச் சிரிக்கிறாங்க. சிரிக்கிறவன் கொஞ்ச நேரம் நிப்பான், நிக்கிறவன் ஏதாவது வாங்குவான். நான் அதுல கட்டுன வீட்டுலதான நீ படுத்து எந்திரிக்கிற?" பிறகு கல்லாவைத் திறந்து இருநூற்று நாற்பதை எடுத்து நீட்டினான். "போ. நீயே போய் ஒன் வாயால சொல்லிக் குடுத்துட்டு வா. நான் குடுத்தா அது காசு மட்டுந்தான்."

பிஹி போனான். எதிர்ச்சந்தில் அவள் கதவு வரை போனான். சொல்லவேண்டிய வாக்கியத்தை வழிநெடுக உருப்போட்டான். உள்ளே பெண்கள் பேச்சுச் சத்தம் கேட்டது. வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல் ஆணுக்கா பெண்ணுக்கா என்று சந்தேகம் வந்தது. கதவைத் தட்ட உயர்ந்த கை இறங்கியது. "அவ வீட்டுல இல்ல" என்று அண்ணனிடம் பொய் சொன்னான். மறுநாள் மலைக்கு வண்டி ஏறினான். பணம் மடியில் இருந்தது. அதில் ஒரு பாதி அப்பாவின் முழங்கால் வைத்தியத்துக்கும் மறுபாதி ஓர் எண்ணெய்ப் பீப்பாய்க்கும் போயிற்று. கடை வளர்ந்ததில் அந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு.

ஆறு மாதம் மலையில் இருந்தான். ஆர்கான் கொட்டை பொறுக்கும்போதும் ஆட்டை விரட்டும்போதும் அந்தத் தள்ளுவண்டி அவன் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வந்த முதல் நாள், ஒரு பெண் வேகமாக ஏதோ கேட்டாள். பிஹியின் வாய் பழக்கத்தில் வஃகாவுக்குக் குவிந்தது. அதை விழுங்கினான்.

"புரியல. மெதுவாச் சொல்லு," என்றான். அதையும் ஆணுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

சிரித்தார்கள். காது மடல் கொதித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, மெதுவாகத் திரும்பச் சொன்னாள். குளிக்கிற கறுப்புச் சோப்பு, கால் கிலோ. நிறுத்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு போனாள். அவ்வளவுதான் சங்கதி. இதற்காகவா ஒரு பொம்பளையின் இயந்திரத்தை விற்கவைத்தேன் என்று அன்று பகல் முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அவன் செய்தது எங்கள் ஆட்களில் யாரும் செய்யாதது. ஸி ஜிலாலியை நிறுத்தி ஒப்பந்தம் போட்டான். "நான் பேசுறதுல ஒவ்வொரு தப்புக்கும் உங்களுக்கு ஒரு சிகரெட். ஆனா மொகத்துக்கு நேரா சொல்லணும், எல்லார் முன்னாலயும்."

"அடேய், ஒரு மாசத்துல கடைய எம் பேருக்கு எழுதித் தரவேண்டியிருக்கும்," என்றார் ஜிலாலி.

முதல் வாரம் இரண்டு பாக்கெட் போயிற்று. ஜிலாலி பணி முடிந்து நேரே கடைக்கு வந்து, கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார். ஹ்னியா நடுவராக நின்றாள். "அது தப்பில்ல ஜிலாலி, வேணும்னே புடுங்காத, புள்ள சரியாத்தான் சொன்னான்!" என்று பிஹிக்காகச் சண்டை போட்டாள். சண்டை பார்க்கக் கூட்டம் கூடியது, கூடிய கூட்டம் சாமான் வாங்கியது. மூன்றாம் மாதம் நாளைக்கு இரண்டு சிகரெட். ஆறாம் மாதம் ஜிலாலி காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

நாலு வருஷத்தில் அந்தத் தெருவில் பிறந்தவன்போலப் பேசினான். இரண்டாம் கடை வந்தது, மூன்றாவது வந்தது. கடைகளுக்குப் புது வரி போட்டபோது, நகராட்சிக் கூடத்தில் எங்கள் எல்லாருக்காகவும் எழுந்து நின்று பேசியவன் பிஹிதான். கோட்டுப் போட்ட அதிகாரிகள் வாயடைத்து உட்கார்ந்தார்கள். வரி பாதியாயிற்று. அன்று அவனைத் தோளில் தூக்காத குறை.

ஆனால் அந்த ஒரு வரி மட்டும் வாய்க்குள்ளேயே கிடந்தது. முதலில் பேசத் தெரியாது என்று போகவில்லை. பேச வந்தபிறகு, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பாளே என்று போகவில்லை. அதற்குள் ரக்கியா அறையைக் காலி செய்து எங்கேயோ போய்விட்டாள். தேடலாம் என்று நினைப்பான், பிறகு ஒரு சரக்கு வண்டி வரும். பதினோரு வருஷம் அப்படியே ஓடிற்று.

வரி பாதியான அன்று மாலை, ஓய்வு பெற்றிருந்த ஜிலாலி பெட்டி மேல் உட்கார்ந்து தேநீர் உறிஞ்சினார். எல்லாரும் பிஹியின் நாக்கைப் புகழ்ந்தார்கள். அவர் இன்னொரு தம்ளர் கேட்டார். கூட்டம் கலைந்ததும் சொன்னார்:

"நல்லாத்தான் பேசுன. ஊருக்கெல்லாம் பேசுற. ரக்கியாகிட்ட மட்டும் பேசல."

பிஹி தேநீரைக் கீழே வைத்தான். "ஒங்களுக்கு எப்பிடி..."

"இருபத்தஞ்சு வருஷம் போலீஸ்லடா. அவ கணக்குத் தீக்க வந்த அன்னிக்கு ஒன் மூஞ்சியப் பாத்தேன். ரக்கியா எந் தங்கச்சி தெருவுலதான் இருக்கா, மொட்டமாடி அறையில. கேக்கிறியான்னு இத்தன நாள் பாத்தேன். நீ கேக்கல."

மறுநாள் காலை பிஹி நாலு மாடி ஏறினான். இடுப்பில் நானூற்று இருபது தனியாக, இயந்திரத்துக்கு என்று ஆயிரம் தனியாக. மாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே ரக்கியா கம்பளி உரோமத்தை அலசிக்கொண்டிருந்தாள். விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. நிமிர்ந்து பார்த்தாள், அடையாளம் தெரிந்துகொண்டாள்.

நகராட்சிக் கூடத்தில் பேசிய நாக்குக்கு இங்கே வாக்கியம் சேரவில்லை. திக்கினான், பாதியில் நின்றான், மறுபடி தொடங்கினான். "லல்லா, அன்னிக்கு நீங்க சொன்னது எனக்குப் புரியல. ஒரு வார்த்தையும் புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டுனேன். கேட்டா சிரிப்பாங்கன்னு பயந்தேன். அப்புறம், நோட்ட வச்சிக்கிட்டு நீங்க கேட்டப்பவும் பயந்தேன். தப்பு என்னோடது."

ரக்கியா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஒனக்குப் புரியலன்னு தெரியும். சொல்லிட்டுத் திரும்புறப்பவே ஒன் கண்ணுல தெரிஞ்சுது. அப்பவே நின்னு இன்னொரு தடவ சொல்லியிருக்கணும். பின்னால ஹ்னியா நின்னா. எம் மகன் திருடன்னு ஒரு தடவ மெல்லச் சொல்லிட்டேன். ரெண்டாந்தடவ உரக்கச் சொல்ல வாய் வரல." வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "ஒன்னய மட்டும் சொல்லி என்ன."

"மீலூத்?"

"கப்பல்ல போனான். ஏழு வருஷம். கடுதாசி இல்ல."

பிஹி இரண்டு பணக்கட்டுகளையும் எடுத்தான். ஆயிரத்தை அவள் பார்க்கவும் இல்லை. "இயந்திரம் வாங்கி என்ன பண்றது? ஊசிக் காது தெரியல இப்போ. அத எடுத்துட்டுப் போ."

"அப்ப இந்த நானூத்தி இருபது."

"அதுல நூத்தெண்பது நான் தின்ன சீனி, நான் குடிச்ச டீ. அதுக்குக் காசு வாங்கினா எனக்குச் செரிக்காது." கையை நீட்டினாள். உள்ளங்கை வெளுத்து, சலவைச் சோடாவில் ஊறி, கோடு கோடாக வெடித்திருந்தது. "எம் மகன் எடுத்தத மட்டும் குடு. எண்ணிக் குடு, உரக்க எண்ணு."

பிஹி எண்ணினான். துணிக்கொடிகளுக்கு அப்பால் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை. பத்து, இருபது, முப்பது என்று ஒவ்வொரு தாளாக அந்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டே போனான். இருநூற்று இருபது. இருநூற்று முப்பது. இருநூற்று நாற்பது.